பெயரிழந்த நிலம் பேசுமா?

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் நடுவணரசு தான் நடத்திய கனிம ஏலம் ஒன்றன் முடிவை வெளியிட்டது. மதுரை மாவட்டத்தில் “நாயக்கர்பட்டி டங்சுடன் தொகுதி” என்று பெயரிடப்பட்ட 2,015.51 எக்டேர் நிலத்திற்கு இந்துத்தான் சிங்கு நிறுவனம் முன்னுரிமை ஏலதாரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே அம்முடிவு. நிலத்தைக் கண்ணாற் காணாமலே அதன் மூலைகளை எண்களாற் குறித்து, எண்களைக் கோடுகளால் இணைத்து, அடைபட்ட பரப்பை ஒரு பண்டம்போல் ஏலத்தில் வைப்பது இற்றைநாள் கணினிக்கு மிக எளிய வேலை. கோட்டுக்குள் அகப்பட்டவை எவை என்று அக்கோடு கேட்பதில்லை.

அகப்பட்டவற்றுள் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் இருந்தன. அவ்விரண்டு ஊர்களின் மலைப்பகுதியில் ஏறத்தாழ 193 எக்டேரை, அதற்கு ஈராண்டுகட்கு முன்னரே, 2022 நவம்பரில், தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபிடமாகத் தமிழக அரசு அறிவித்திருந்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள், 3 தடுப்பணைகள் என அரசின் அறிவிப்பே அங்குள்ள நீர்வளத்தை எண்ணிச் சொல்கிறது. 250 வகைப் பறவைகள் அங்கு வாழ்வதாகவும் அதுவே கூறுகிறது. தேவாங்கும் அழுங்கும் மலைப்பாம்பும் அங்கு உண்டு. இவையேயன்றி, ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த தமிழிக் கல்வெட்டுகள், சமணர் படுக்கைகள், பாறையிற் புடைப்பாய் வெட்டிய தீர்த்தங்கரர் உருவம், முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில், அதன்கண் இலகுலீசர் உருவம் ஆகியனவும் உண்டு. அக்குடைவரையை ஊரார் இடைச்சி மண்டபம் என்கின்றனர். சிவனுக்குக் குடைந்த கோயில் இடைச்சி பெயரால் ஏன் வழங்குகிறது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. கேட்டால் ஊரார்தாம் ஒரு கதை சொல்வர்.

மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு திசம்பர் 9ஆம் நாள் தமிழகச் சட்டமன்றம் ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. அதன்பின் திசம்பர் இறுதியில் நடுவணரசு கூறிய மாற்றுவழியே ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. மரபிடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டுத் தொகுதியின் எல்லையைத் திருத்தி வரைய இயலுமா என ஆராயுமாறு அது தன் நிலப்பொதி ஆய்வுத்துறையைக் கேட்டது. அஃதாவது, 2,015 எக்டேரில் 193 எக்டேரை, பத்தில் ஒரு பங்கினும் குறைந்ததை, கத்தரித்து விட்டுவிட்டால் மலை பிழைத்தது, கல்வெட்டுப் பிழைத்தது, எஞ்சியது சுரங்கத்திற்கு என்பது கருத்து. கணினித் திரையில் அது நேரிய தீர்வாகவே தோன்றும். மேலூர் வட்டார மக்களுக்கு அவ்வாறு தோன்றவில்லை. குன்றின்மேல் விழும் மழை சுனையில் தங்கி, ஊற்றாய்க் கசிந்து, வரத்துக்கால் வழியே ஏரிக்கு இறங்கி, மடை வழியே வயலுக்குப் பாய்ந்து, மறுகால் வழியே அடுத்த ஏரிக்குப் போகும் நிலத்தில், எந்த இடத்தில் மலை முடிந்து எந்த இடத்தில் ஊர் தொடங்குகிறது? 2025 சனவரி 7ஆம் நாள் பல்லாயிரவர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் நோக்கி நடந்தனர். அத்திங்கள் 23ஆம் நாள் ஏலம் முற்றாக நீக்கப்பட்டது.

வெற்றி வந்தது, மகிழத்தக்கதே. ஆயினும் அவ்வெற்றி மக்களின் காலால் வந்ததேயன்றி ஆவணத்தால் வந்ததன்று. எந்த வரைபடத்திலும் அந்நிலத்தின் உண்மை எழுதப்பட்டிருக்கவில்லை. இனியொரு முறை, வேறோர் ஊரில், மக்கள் எழுவதற்குள் கோடு வரையப்பட்டு விடலாம்.

மலையும் நீரும் ஊரும் தொழிலும் வழிபாடும் பிரிக்கவொண்ணாமல் பின்னிக்கிடக்கும் இத்தகைய நிலத்தைப் பண்பாட்டு நிலக்காட்சி என்பர். யுனெசுகோ அமைப்பு 1992இல் இதனை உலக மரபிடங்களுள் ஒரு தனிவகையாக ஏற்றுக்கொண்டது. நிலமும் பொழுதும் முதற்பொருள்; அங்குள்ள உயிரும் தொழிலும் தெய்வமும் கருப்பொருள்; அவற்றிடை மக்கள் நடத்தும் வாழ்வு உரிப்பொருள் என்று திணை வகுத்த மொழிக்கு இக்கருத்து இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்த புதுமையன்று. ஆனாற் பழம்பெருமை பேசி இங்கேயே நின்றுவிடுதல் தகாது. திணை வகுத்த மக்களின் நிலத்தை இன்று அளப்பவர் யார், எம்மொழியில் அளக்கின்றனர், அளந்ததற்கு என்ன பெயர் எழுதுகின்றனர் என்பதே வினா.

அளக்கும் கருவிகளோ வியக்கத்தக்கவை. லைடார் எனும் ஒளியளவைக் கருவியை வானூர்தியிற் கட்டிப் பறக்கவிட்டால், அது நொடிக்குப் பல நூறாயிரம் ஒளித்துடிப்புகளைக் கீழே பாய்ச்சுகிறது. பெரும்பாலானவை இலைகளிற் பட்டுத் திரும்பும். சில இலையிடுக்குகளில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும். திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டு, இலையிற் பட்டவற்றைக் கழித்துவிட்டால், காடு களையப்பட்டு வெறுந்தரை திரையில் எழும். 2012இல் கம்போடியாவின் அங்கோர் வட்டாரத்தில் இவ்வாறு பறந்து அளந்தபோது, காட்டுக்கு அடியில் மறைந்துகிடந்த தெருக்களும் கரைகளும் குளங்களும் வரிவரியாய்த் தெரிந்தன. இன்னொரு முறை: ஒரு பாறையைப் பல கோணங்களில் ஒன்றன்மேல் ஒன்று தழுவுமாறு நூற்றுக்கணக்கிற் படமெடுத்துக் கணினியிலிட்டால், அப்பாறையின் முப்பருமான உருவம் கிடைக்கும். விளக்கைச் சுற்றுமுற்றும் இடம் மாற்றி மாற்றிப் படமெடுத்து இணைத்தால், கண்ணுக்குத் தேய்ந்துபோன எழுத்தின் பள்ளமும் நிழல் காட்டும். மழையும் வெயிலும், பாறைமேற் பெயர் கிறுக்கும் பொறுப்பிலார் கையும் தின்றுகொண்டிருக்கும் தமிழிக் கல்வெட்டுகளுக்கு இதனினும் உற்ற துணை இல்லை. இக்கருவிகளை மேலைநாட்டுப் பொறியென்று தள்ளுவார் உளரேல், அவர் தமிழுக்குக் கேடு செய்பவரே.

ஆயினும் கண்டது வேறு, படித்தது வேறு. அரிட்டாபட்டியை ஒட்டிய மீனாட்சிபுரத்து மலையின் கல்வெட்டுகளே இதற்குச் சான்று. மாங்குளம் கல்வெட்டுகள் என்று ஆய்வுலகில் வழங்கும் அவற்றை 1882இலேயே இராபர்ட்டு சீவல் கண்டறிந்தார். எழுத்துக் கண்ணெதிரே இருந்தது. அதனைப் படியெடுக்கவும் முடிந்தது. எனினும் அவை தமிழ் என்பது தெரியவில்லை. பாலி முதலிய வடபுல மொழியாகக் கொண்டு படிக்க முயன்றவரும் உண்டு. 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இவ்வகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று எடுத்துக்காட்டினார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் தமிழெழுத்துத் தமிழ்நாட்டுப் பாறையில் தமிழென்று அறியப்படாமலே கிடந்தது! அறிந்தபின்னரோ, நெடுஞ்செழியன் பெயரும் கடலன் வழுதி பெயரும் வெள்ளறை வணிகர் பெயரும் அப்பாறையில் எழுந்து நின்றன. அவ்வெள்ளறை, அம்மலைக்கு அணித்தாய் இன்றும் இருக்கும் வெள்ளரிப்பட்டியாகலாம் என்று அறிஞர் கருதுவர். அவ்வூர்ப்பெயர் மட்டும் இடையில் எவராலேனும் மாற்றப்பட்டிருப்பின் அந்தப் பொருத்தம் எவர்க்கும் தோன்றியிராது.

கருவி சீவலின் இடத்தில் நிற்கிறது. அது காணும், படியெடுக்கும், படிக்காது.

செயற்கைக்கோள் படத்தை எடுத்துக்கொள்க. நிலத்திலிருந்து எழும்பும் ஒளியின் அளவைப் பார்த்து, இது பயிர், இது நீர், இது வெற்றுநிலம் எனக் கணினி வகைபிரிக்கிறது. பாண்டிநாட்டுக் கண்மாய் ஆண்டிற் பல திங்கள் வறண்டு கிடப்பது. கோடையில் எடுத்த படத்தில் அது நீருமன்று, பயிருமன்று. புதர் மண்டிய வெற்றுவெளி. அதனைப் பார்த்து ஊர்க்கிழவர் ஒருவர், “இது கண்மாயின் உள்வாய், அதோ அந்தக் கல்தூண் இரண்டும் மடைத்தூண், அங்கே குமிழி, அந்தக் கோடியில் கலிங்கு, கலிங்கு பாய்ந்தால் நீர் கீழூர் ஏந்தலுக்குப் போகும்” என்பார். ஒரே வெளி, ஈரறிவு. உள்வாய், கரை, மடை, குமிழி, கலிங்கு, வரத்துக்கால், மறுகால், கடைமடை, ஆயக்கட்டு எனும் ஒவ்வொரு சொல்லும் ஒரு வினையையும் ஓர் உரிமையையும் ஒரு கடமையையும் சுமந்து நிற்பது. இத்தனைக்கும் சேர்த்து “நீர்நிலை” என்று ஒரே சொல்லை எழுதி நீலமை பூசிவிடுகிறது இற்றைநாள் வரைபடம். ஏந்தல் வேறு, தாங்கல் வேறு, ஊருணி வேறு, ஏரி வேறு என்பதை அந்த நீலம் அறியாது. குன்றின் பெயரும் அவ்வாறே. அரிட்டாபட்டியைச் சூழ்ந்தவற்றுள் ஒன்று கழுகுமலை, ஒன்று தேன்கூட்டுமலை. அரிய வல்லூறுகளும் கழுகினங்களும் அங்கு வாழ்வதைப் பறவையறிஞர் இக்காலத்திற் பதிந்துள்ளனர். பெயரிட்டவர்க்கு அது முன்னமே தெரியும்.

இவ்விடத்தில் எண்ணே கூடாது, பெயரே போதும் என்று கூறுவதாக எவரும் கருதிவிடல் வேண்டா. தமிழர் நிலத்தை எண்ணாலும் அளந்தனர், பெயராலும் அழைத்தனர். சோழர்காலத்துக் கல்வெட்டுகளில் ஒரு நிலத்துண்டைக் குறிக்கும் முறையைக் காண்க. இன்ன பெயருடைய வதிக்குக் கிழக்கு, இன்ன பெயருடைய வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்று அது குறிக்கப்படும். உத்தரமேரூர் முதலிய ஊர்களின் கல்வெட்டுகளில் இம்முறை பயின்று வரும். இருபுறக் கோடுகளை அடியாக வைத்து எண்ணிச் செல்லும் இம்முறைக்கும் இன்றைய நிலநேர்க்கோட்டு எண்முறைக்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அங்கே கோட்டுக்குப் பெயர் இருந்தது. செப்பேடுகளிற் கண்ட எல்லைகுறிப்போ இன்னும் ஒருபடி மேல். கொடுக்கப்பட்ட நிலத்தைச் சுற்றிப் பெண்யானையை நடத்தி, அது நடந்த வழியிற் கல்லும் கள்ளியும் நட்டு, வழியில் எதிர்ப்பட்ட குளக்கரை, புற்று, வாய்க்கால், மேட்டுநிலம் யாவற்றையும் ஊரார் முன்னிலையிற் பெயர் சொல்லி எழுதினர். ஊராரும் அரசும் சேர்ந்து நடந்து எழுதிய வரைபடம் அது. இருவருள் ஒருவர் இல்லாமல் எழுதப்படவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிற் சுவரில் இராசராசன் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கைப் படிப்பவர், ஊர் நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு என வரி நீக்கிய நிலங்கள் வகைவகையாய்ப் பிரித்தெழுதப்பட்டிருப்பதைக் காண்பர். பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் அக்கணக்கில் உண்டு. நிலத்தின் பெயர்கள் தமிழரின் அறிவை மட்டும் காட்டுவனவல்ல. தமிழர் தமிழர்க்குச் செய்த கொடுமையையும் காட்டுவன. மரபை விளக்கவருவோர் இதனை மறைத்து நிலத்தை அழகுபடுத்துவாராயின், அவர் கையிலுள்ள கருவி எத்துணை நுண்ணிதாயினும் படம் பொய்யே.

அதே கோயிலில் 1808இல் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஆங்கிலேயர் இந்நாட்டை முக்கோண அளவையால் அளக்கும் பெரும்பணியை 1802இற் சென்னைப் பரங்கிமலையை அடுத்துத் தொடங்கியிருந்தனர். அப்பணியின் தலைவர் இலாம்டன், அரை டன்னளவு எடையுள்ள கோணமானியைத் தஞ்சைக் கோயில் விமானத்தின்மேல் ஏற்ற முயன்றார். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அதனை அரும்பாடுபட்டுச் செப்பனிட்டுப் பணியைத் தொடர்ந்தார் என்பது வரலாறு. அவர் முயற்சி பாராட்டத்தக்கதே. ஆனால் நிலத்தை அளப்பதற்குக் கருவி மேலே ஏறிக்கொண்டிருந்த அக்கோயிலின் அடியில், எட்டு நூற்றாண்டுக்கு முன்னர் அந்நிலம் அளந்து எழுதப்பட்ட கணக்குக் கல்லிற் கிடந்தது. அளக்க வந்தவருக்கு அக்கோயில் உயரமான ஒரு மேடை, அவ்வளவே.

பின்னர் வந்த ஆங்கிலேயர் நிலவரித் திட்டத்தில் ஒவ்வொரு வயலுக்கும் புல எண் கொடுக்கப்பட்டது. வரி தண்டுதற்கு எண் எளிது. வயலுக்கு உழவர் வழங்கிய பெயரோ எண்ணின் நிழலில் தேய்ந்தது. நாவில் மட்டும் வாழ்ந்தது. நாவுடையவர் மறைய மறைய மறைகிறது. நாடு விடுதலை பெற்றபின்னும் இந்நிலை மாறவில்லை. இன்று அந்தப் புல எண்கள் அப்படியே கணினிக்குள் சென்றுவிட்டன. பெயர்கள் வெளியே நிற்கின்றன.

பெயரை உள்ளே கொண்டுபோன மக்களும் உலகில் உளர். ஆத்திரேலியாவின் தென்கிழக்கில் விக்டோரியா மாநிலத்து எரிமலைக் கற்பரப்பில் குந்திட்சுமரா எனும் பழங்குடியினர் ஆறாயிரத்தறுநூறு ஆண்டுகளாகக் கல்லடுக்கிக் கால்வாய் வகுத்து விலாங்குமீன் வளர்த்தும் பிடித்தும் வந்தனர். வெள்ளையர்க்கு அவை சிதறிக்கிடந்த கற்களாகவே தோன்றின. அலைந்து திரிந்த மக்கள் அணை கட்டுவரோ என்பது அவர்தம் எண்ணம். நிலத்தை அளந்து கணினியிலேற்றி நீர்மட்டத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்தபோது, அக்கற்கள் நீரோட்டம் அறிந்து அடுக்கப்பட்டவை என்பது தெளிவாயிற்று. கருவி அப்பழங்குடியார் சொல்லை மெய்ப்பித்தது. புதுவதாக ஒன்றையும் அது கண்டுபிடித்துவிடவில்லை. கிழவரும் கிழவியரும் காலங்காலமாகச் சொல்லிவந்ததே அது. 2007இல் நீதிமன்றத்தின் வழி அவர் தம் நிலவுரிமை ஏற்கப்பட்டது. 2019இல் அந்நிலம் உலக மரபிடமாயிற்று. பழங்குடியார் பண்பாட்டின் பொருட்டே அவ்வாறு ஏற்கப்பட்ட முதல் ஆத்திரேலிய நிலம் அதுவே. அதே ஆண்டின் இறுதியில் மூண்ட காட்டுத்தீ புல்லையும் புதரையும் எரித்தபோது, முன்னர் அளந்தவர் எவர் கண்ணுக்கும் படாத கால்வாய்கள் மேலும் வெளிப்பட்டன.

அங்குள்ள எரிமலைக்கு 1836இல் வெள்ளையர் தம்மவர் ஒருவர் பெயரால் ஈல்சு எனப் பெயரிட்டனர். வரைபடம் எழுதியவர் கைப்பிழையால் அது எக்கில்சு ஆயிற்று. பிழையே பெயராய் நிலைத்தது. இன்று அம்மலைக்கு அம்மக்கள் வழங்கிய பெயரே உலக மரபிடத்திற்கும் பெயர்: புட்சு பிம். உயர்ந்த தலை என்பது அதன் பொருள். மண்ணுக்குரியார் நடந்து காட்ட, கருவியுடையார் பின்னே சென்று அளந்தமையால் வந்த பயன் இது.

தமிழ்நாட்டிற் பெயர்கள் படும் பாடோ வேறு. மறைக்காடு வேதாரணியமாகவும் முதுகுன்றம் விருத்தாசலமாகவும் ஆக்கப்பட்ட பழங்கதை தனித்தமிழன்பர் அறிந்ததே. மாயூரம் 1982இல் மயிலாடுதுறையாய் மீண்டது. இன்று கணினி வழியே வரும் கேடு அதனினும் நுண்ணிது. எவர்க்கும் தெரியாமலே நடப்பது. வரைபடங்களில் ஊர்ப்பெயர்களை முதலில் ஆங்கில எழுத்தில் இட்டு, அதிலிருந்து பொறியைக்கொண்டு தமிழாக்குகின்றனர். ஆங்கில எழுத்திற் குளமும் குலமும் ஒன்று. ஏரியும் எரியும் ஒன்று. வாளையும் வாலையும் ஒன்று. சமணர் பள்ளி ஆங்கிலத்திற் புகுந்து வெளிவரும்போது பல்லியாய் வருவதற்கும் வழியுண்டு! 2020இல் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழொலிக்கு ஏற்பத் திருத்தி ஆணையிட்டது. எழுத்துக்கூட்டல் முறை செவ்விதாய் அமையாமையாற் குறைகூறல் எழுந்து, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நன்று, ஆனால் நோயின் வேர் அங்கில்லை. ஆங்கில எழுத்தைத் திருத்துவது ஏன்? தமிழ்ப்பெயரைத் தமிழிலேயே முதற்பதிவாய் வைத்துப் பிறமொழி எழுத்துகளை அதனின்று ஆக்குவதே முறை.

கணினிக்குத் தமிழ் ஏலாது என்பார்க்கு இன்று விடையுண்டு. மா, காணி, முந்திரி முதலிய பின்ன எண்களுக்கும் நில அளவு, நெல்லளவு குறித்த பழங்குறிகளுக்கும் உலகப் பொது எழுத்துக்குறியீட்டில் 2019இல் இடம் கிடைத்துவிட்டது. வேலியில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கைக் குறித்த முந்திரியை இனிக் கல்லில் இருந்தவாறே கணினியிலும் எழுதலாம். தமிழ்க் கல்வெட்டாய்வுக்குக் கணினி புதிய விருந்தாளியுமன்று. 1978இல் நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் கணினித் துணையொடு சோழர் கல்வெட்டுகளின் ஆட்பெயர்களைத் தொகுத்து மூன்று மடலங்களாக வெளியிட்டனர். சுப்பராயலு அதற்கும் முன்னரே, 1973இல் வெளிவந்த தம் நூலில், கல்வெட்டிற் கண்ட ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்திச் சோழநாட்டின் நாடுகளை நிலப்படத்தில் வரைந்து காட்டினார். வானூர்தியும் ஒளித்துடிப்பும் இல்லை. ஊர்ப்பெயர்கள் பேரளவிற் சிதையாதிருந்தமையே அவருக்குக் கருவி. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தென்னிந்திய வரலாற்று நிலப்படத்தொகுப்பு அவ்வழியிற் கணினியில் எழுந்ததே.

2025இற் கொந்தகையில் எடுத்த மண்டையோடுகள் இரண்டனுக்கு இங்கிலாந்தின் இலிவர்பூல் பல்கலைக்கழகம் ஒன்று கணினியால் முகம் வனைந்து தந்தது. கீழடியில் வாழ்ந்தோர் முகம் கண்டு தமிழர் மகிழ்ந்தனர். முகத்தைக் கருவி தந்தது. அவர்கள் குவிரன் என்றும் ஆதன் என்றும் பெயர் வைத்துக்கொண்ட மக்கள் என்பதைச் சொன்னது, கீழடிப் பானையோட்டில் எவரோ கீறிவைத்த எழுத்து.

ஆகலின், மரபிடங்களைக் கருவிகொண்டு அளந்து விளக்கும் திட்டம் எதுவாயினும், அதன் முதற்பணி வானில் தொடங்காமல் ஊரில் தொடங்குமாறு தமிழ்மக்கள் வற்புறுத்தல் வேண்டும். இடத்தின் பெயர் தமிழில் முதற்பதிவாதல் வேண்டும். அதனைச் சொன்னவர் குரலும் உடன் பதிவாதல் வேண்டும். பதிந்தது ஊரவையின் உடைமையாய் இருத்தல் வேண்டும். கண்முன் கட்டிக்கொள்ளும் ஆடிக்குள் முப்பருமானக் கோயிலைச் சுழற்றிக்காட்டி, காதில் ஆங்கிலத்தில் விளக்கம் ஓதுவது சுற்றுலாவுக்கு உதவலாம், மண்ணுக்கு உதவாது. தொல்லியல் துறை, வருவாய்த்துறை, பொதுப்பணித்துறை ஆகியன தனித்தனியே வைத்திருக்கும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒரே தளத்தில் அடுக்கப்பட்டு, அவ்வடுக்குகளின்மேல் ஊரார் சொன்ன பெயரடுக்கும் ஏறுமாயின், நாளை எவரேனும் ஏலத்திற்குக் கோடு வரையும்போது அக்கோடு எதன்மேல் ஓடுகிறது என்பது அரசுக்கும் தெரிந்திருக்கும். தெரியாது என்று சொல்ல இயலாது.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுமென்று காத்திருத்தலும் வேண்டா. பள்ளி மாணவர் கையிலும் இன்று பேசி உண்டு. அது படமெடுக்கும், குரல் பதியும், நின்ற இடத்தின் நிலநேர் எண்ணையும் குறிக்கும். ஊர்தோறும் மடை திறந்த நீர்பாய்ச்சிகளும் நீர்க்கட்டிகளும் பெரும்பாலும் முதியவராகிவிட்டனர். பல ஊர்களில் அத்தொழிலுக்கு அடுத்தவர் இல்லை. ஐப்பசி மழையில் எந்த மடை முதலில் திறக்கும், எந்தக் கலிங்கு பாய்ந்தால் எந்த ஊருக்குச் செய்தி போகும் என்பது அவர் காலுக்குத் தெரியும். தமிழாசிரியர் ஒருவர் பத்து மாணவரோடு அவர் பின்னே கரைமேல் ஒருநாள் நடந்தால் ஒரு கண்மாயின் பெயர்கள் எழுத்தேறும். அரிட்டாபட்டிப் பகுதியில் மட்டும் ஏரிகள் 72. அடுத்த மழைக்காலத்திற்குள் அங்கிருந்தே தொடங்கலாம்.